ஊதியக் கோரிக்கைப் பட்டியலில் பெண்களின் பங்கு விடுபடாமல் எழுதுவது எப்படி?

சங்கம் பேசி முடிக்கும் ஊதியம், யாருக்கு எவ்வளவு என்பதை மேற்பார்வையாளரின் விருப்பத்துக்கு விடாமல் எழுத்தில் நிறுத்துகிறது. அதனால் பொதுவாக ஊதியம் உயர்வதோடு, ஆண், பெண் ஊதிய வேறுபாடும் ஓரளவு குறைகிறது. ஆனால் அந்த வேறுபாடே ஒப்பந்தத்துக்குள் ஏறிவிட்டால், சங்கத்தின் கையெழுத்தே அதற்குக் காவலாகிவிடும். ஆகவே, கோரிக்கைப் பட்டியல் எழுதும் கட்டத்திலேயே கவனம் தேவை.

முதலில் சம்பளச் சீட்டுகளைத் திரட்டி, அடிப்படை ஊதியம், பஞ்சப்படி, ஓவர்டைம், வருகை ஊக்கத்தொகை ஆகியவற்றை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே எழுதிப் பாருங்கள். அடிப்படை ஊதியம் சமமாக இருந்தும் கைக்கு வரும் தொகை வேறுபட்டால், காரணம் பெரும்பாலும் பின்னிரண்டில்தான் இருக்கும். பேறுகால விடுப்பில் சென்றவரின் வருகை ஊக்கத்தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வேலை வகைப்பாடு. இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பேன். திருப்பூர் பனியன் தொழிலில் கட்டிங், டைலர், அயர்ன், செக்கிங், கைமடி என ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஷிஃப்ட் கூலி பேசப்படுகிறது. செக்கிங்கிலும் கைமடியிலும் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாள் முழுவதும் நின்றபடி, விட்டுப்போன தையலையும் எண்ணெய்க் கறையையும் அளவுப் பிசகையும் கண்டுபிடிக்கிற செக்கிங் பெண்ணின் கண் தவறினால் சரக்கே திரும்பி வரக்கூடும். அந்தப் பொறுப்பும் திறனும் கூலியில் தெரிகின்றனவா என்று கேளுங்கள்.

இங்கிலாந்தின் டேகன்ஹாம் ஃபோர்டு ஆலையில் கார் இருக்கை உறைகளைத் தைத்த 187 பெண்கள் 1968இல் வேலைநிறுத்தம் செய்ததும் இதே வகைப்பாட்டுச் சிக்கலுக்காகத்தான். திறன் குறைந்த 'பி' பிரிவில் தங்களை வைத்தது தவறு என்பது அவர்கள் வாதம். மூன்று வாரங்களுக்குப் பின் கிடைத்ததோ, அதே பிரிவு ஆண்களின் ஊதியத்தில் 92 சதவீதம் மட்டுமே. 'சி' பிரிவுக்கு உயர, 1984இல் மீண்டும் ஒரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. கூலியை உயர்த்தித் தர இசைகிற நிர்வாகமும் பிரிவை மாற்ற எளிதில் இசையாது. எனவே திறன், உழைப்பு, பொறுப்பு, பணிச்சூழல் ஆகிய நான்கையும் கொண்டு வேலைகளை மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்பதைத் தனிக் கோரிக்கையாகவே எழுதுங்கள்.

உயர்வைச் சதவீதத்தில் கேட்பதா, ரூபாயில் கேட்பதா என்பதும் சிறிய விஷயமன்று. உதாரணமாக, ஒருவர் 12,000 ரூபாயும் மற்றவர் 18,000 ரூபாயும் பெறுகிறார்கள் என்று கொள்வோம். இருவருக்கும் 10 சதவீதம் உயர்த்தினால் 6,000 ரூபாய் இடைவெளி 6,600 ஆகிவிடும். மாறாக, இருவருக்கும் 1,500 ரூபாய் உயர்த்தினால் செலவு அதேதான். இடைவெளி 6,000ஆகவே நிற்க, குறைந்த ஊதியக்காரர் மற்றவரின் ஊதியத்தில் 67 சதவீதம் பெற்றுவந்தது 69 சதவீதமாகும். அனுபவம் மிக்க டைலர்கள் இதை ஏற்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயமும் உண்டு. குறைந்த பிரிவுகளுக்கு நிலையான தொகை, அதற்கு மேல் அனைவருக்கும் ஒரு சதவீதம் என இரண்டையும் கலந்து கேட்பது பெரும்பாலும் உடன்பாட்டுக்கு வழிவிடும்.

'சங்கமே ஒப்புக்கொண்டதுதானே' என்று நிர்வாகம் பழைய ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினால், மெக்கின்னன் மெக்கன்சி வழக்கைச் சுட்டிக்காட்டுங்கள். பெண் சுருக்கெழுத்தர்களுக்குக் குறைந்த ஊதியம் தந்த அந்நிறுவனம், சங்கத்துடன் செய்த ஒப்பந்தத்தைக் காரணம் காட்டியது. சம ஊதியச் சட்டத்துக்கு முன் அத்தகைய ஒப்பந்தம் நிற்காது என்று 1987இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சுருக்கெழுத்தர்களில் ஒருவரும் வழக்குத் தொடுத்தவருமான ஆட்ரி டி'கோஸ்டாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரே வேலைக்கு மட்டுமன்றி, ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் பாலின வேறுபாடின்றி ஊதியம் தர வேண்டும் என்ற 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கொள்கை, 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

பேச்சுவார்த்தைக் குழுவில் செக்கிங், கைமடிப் பிரிவுப் பெண்கள் உட்கார வேண்டும்; வாயிலில் நின்று முடிவைக் கேட்பவர்களாக அல்ல. இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் வருவதில்லை என்று குறைப்படுவதில் பொருளில்லை. உணவு இடைவேளையில் கூடுங்கள்.

உடன்பாடு எட்டியதும், இயன்றவரை தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் கையெழுத்திடுங்கள். தனிப்பட்ட முறையில் செய்யும் ஒப்பந்தம் அதில் கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரசத்தில் உருவாகும் ஒப்பந்தமோ, சங்கத்தில் இன்னும் சேராத தொழிலாளர்களுக்கும் பொருந்தும்.