காலை உலகச் செய்தித் தொகுப்பு: அடிக்கடி நடக்கும் தவறுகளும் அவற்றைத் தவிர்க்கும் வழியும்

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் காலை ஏழு மணிக்குள் பல வாட்ஸ்அப் குழுக்களில் உலகச் செய்திச் சுருக்கம் வந்து விழுந்துவிடுகிறது. டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்கள் நடப்பு நிகழ்வுக்காகப் பார்க்கிறார்கள். மாங்கூழ், கிரானைட், ரோஜா ஏற்றுமதியில் இருப்பவர்களுக்கு அன்றைய சரக்கு பற்றிய கவலை. தொகுக்கிறவர் பொய் எழுதுவது அபூர்வம். செய்தி எந்தக் கட்டத்தில் இருக்கிறது, யார் சொன்னது, எப்போது சொன்னது, என்ன அலகில் சொன்னது என்ற நான்கில் ஒன்று சுருக்கும்போது உதிர்ந்துவிடுகிறது. மீதி வரி முழுக்கச் சரியாக இருந்தும் படித்தவர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்.

அறிவிப்பை அமல் என்று எழுதுவது

அதிகம் சேதம் செய்வது இதுதான். 2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 26% பதில் வரி அறிவித்தது. மறுநாள் பல சுருக்கங்களில் ‘இந்தியாவுக்கு 26% வரி அமல்’ என்று வந்தது. ஏப்ரல் 9 அன்று அது 90 நாள் நிறுத்தி வைக்கப்பட்டது, 10% அடிப்படை வரி மட்டும் தொடர்ந்தது. பிறகு ஆகஸ்ட் 7 அன்று 25% அமலுக்கு வந்தது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25% சேர்ந்து, மொத்தம் 50% ஆனது. ஒரே வருடத்தில் ஒரே விஷயத்துக்கு இத்தனை தேதிகள். எந்தத் தேதி எதற்கு என்று போடாத சுருக்கத்தை வைத்துக்கொண்டு ஏற்றுமதிக்காரர் விலை பேச முடியாது.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆகஸ்ட் 27க்கு முன்பே கப்பலில் ஏறி, செப்டம்பர் 17க்குள் அமெரிக்கச் சுங்கத்தைக் கடந்த சரக்குக்கு அந்த இரண்டாவது 25% கிடையாது. கடலில் போய்க்கொண்டிருந்த கிரானைட் கண்டெய்னர் வைத்திருந்தவருக்குத் தலைப்பைவிட இந்த ஒரு வரிதான் முக்கியம். சுருக்கத்தில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

இன்னொன்று: ‘இந்தியா 50% வரி கட்டுகிறது’ என்று அப்போது பலர் எழுதினார்கள். அமெரிக்கச் சுங்கத்தில் பணம் கட்டுவது அங்கே இறக்குமதி செய்யும் நிறுவனம். அந்தச் சுமையை நம் ஏற்றுமதியாளர் தலையில் தள்ளப் பார்ப்பார்கள், விலையைக் குறைக்கச் சொல்வார்கள், ஆர்டரை நிறுத்துவார்கள். பாதிப்பு நமக்கும் உண்டு, ஆனால் வருகிற வழி வேறு.

வர்த்தக ஒப்பந்தங்களிலும் இதே கதைதான். இந்தியா–பிரிட்டன் ஒப்பந்தத்தில் பேச்சு முடிந்ததாக அறிவித்தது 2025 மே 6. கையெழுத்தானது ஜூலை 24. அதற்குப் பிறகும் நாடாளுமன்ற நடைமுறை பாக்கி இருந்தது, கையெழுத்தான அன்றே வரிக் குறைப்பு கைக்கு வரவில்லை. போர்நிறுத்தச் செய்தியும் அப்படித்தான். காசாவில் 2025 ஜனவரி 15 அன்று உடன்பாடு அறிவிக்கப்பட்டது, 19 அன்றுதான் அமலுக்கு வந்தது. இடையில் இருந்த நாட்களிலும் தாக்குதல் ஓயவில்லை. அந்த நாட்களில் ‘போர் நின்றது’ என்று எழுதியவர்கள் மறுநாளே ‘போர்நிறுத்தம் மீறப்பட்டது’ என்று எழுத வேண்டியதாயிற்று. இரண்டுமே தவறு.

செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு வரியின் வினைச்சொல்லையும் பாருங்கள்: அறிவித்தது, ஒப்புக்கொண்டது, கையெழுத்திட்டது, நிறைவேற்றியது, அமலுக்கு வந்தது. மூலச் செய்தியில் எது இருக்கிறதோ அதையே எழுதுங்கள். ‘திட்டமிடுகிறது’ என்று இருப்பதை ‘முடிவு செய்தது’ என்று ஒரு படி ஏற்றிவிடும் பழக்கம் தலைப்பைச் சுருக்கும்போதுதான் ஒட்டிக்கொள்கிறது.

தேதி

அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டி முடிவை வாஷிங்டன் நேரம் பிற்பகல் 2 மணிக்கு அறிவிக்கும். அங்கே கோடைகால நேரம் இருந்தால் நமக்கு இரவு 11.30, குளிர்காலத்தில் நள்ளிரவு தாண்டி 12.30. அதாவது அங்கே புதன், இங்கே சில மாதங்களில் வியாழன். ‘நேற்று’, ‘இன்று’ என்று எழுதாமல் நிகழ்வு நடந்த நாட்டின் தேதியைப் போடுங்கள். தேர்வில் கேட்பதும் அந்தத் தேதியைத்தான். மாறிக்கொண்டே இருக்கும் எண்ணுக்கு மட்டும் ‘இந்திய நேரம் காலை 6 மணி நிலவரம்’ என்று பக்கத்தில் சேர்த்தால் போதும்.

யார் சொன்னது?

போர்ச் செய்தியில் உயிரிழப்பு எண்ணைத் தனியாக எழுதவே கூடாது. சொன்னது யார் என்பது எண்ணோடு ஒட்டியே வர வேண்டும். 2023 அக்டோபர் 17 அன்று காசாவின் அல்–அஹ்லி மருத்துவமனையில் நடந்த வெடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 500 என்று பரவியது. காசா சுகாதார அமைச்சகம் பிறகு 471 என்றது. அமெரிக்க உளவுத்துறை மதிப்பீடு 100 முதல் 300 வரை. வெடிப்புக்குக் காரணம் யார் என்பதிலும் இரு தரப்பும் எதிரெதிராகப் பேசின. முதல் ஒரு மணி நேரத்தில் ‘500 பேர் பலி’ என்று மொட்டையாக எழுதியவர்களுக்குத் திருத்தம் போடக்கூட வழி இல்லாமல் போனது, ஏனென்றால் யார் சொன்ன எண் என்றே அவர்கள் குறிக்கவில்லை.

ஆங்கில ராணுவச் செய்தியில் வரும் ‘கேஷுவல்டி’ கணக்கில் இறந்தவர்களோடு காயமடைந்தவர்களும் அடக்கம். அதை அப்படியே ‘பலி’ ஆக்கினால் எண் பல மடங்கு ஊதிவிடும். உக்ரைன் போர்ச் செய்திகளில் இது வாராவாரம் நடக்கிறது.

நான்கு பத்திரிகையில் வந்திருக்கிறது, அதனால் உறுதி என்று நினைப்பதும் ஏமாற்றம்தான். நான்கும் ராய்ட்டர்ஸ் செய்தி ஏஜென்சியின் ஒரே செய்தியை எடுத்துப் போட்டிருந்தால் அது ஒரு மூலம், நான்கு அல்ல. செய்தியின் தலையிலோ வாலிலோ இருக்கும் ஏஜென்சி பெயரைப் பாருங்கள். ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி தனித்தனியாகச் சொல்லியிருந்தால் அது வேறு கணக்கு.

வீடியோவை இணைக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2025 மே மாதம் இந்தியா–பாகிஸ்தான் மோதலின்போது, 2020 பெய்ரூட் துறைமுக வெடிப்புக் காட்சி ஏவுகணைத் தாக்குதல் என்று சுற்றியது. ‘ஆர்மா 3’ என்ற வீடியோ கேம் காட்சிகளும் போர்க்களம் என்ற பெயரில் வந்தன. மத்திய அரசின் செய்திப் பிரிவான பிஐபியின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு மறுப்பு வெளியிட்டது, ஆனால் அதற்குள் அவை ஊர் சுற்றி முடித்திருந்தன. வீடியோவை நிறுத்தி ஒரு ஃபிரேமை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். பழைய தேதியில் அதே படம் வந்தால் விட்டுவிடுங்கள். எதுவும் வரவில்லை என்பதால் அது உண்மை என்றும் ஆகிவிடாது.

எண்களும் அலகும்

மில்லியன் பத்து லட்சம், பில்லியன் நூறு கோடி, டிரில்லியன் லட்சம் கோடி. இதைத் தாளில் எழுதி முன்னால் ஒட்டிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஹார்முஸ் நீரிணை வழியாக 2024ல் தினமும் சுமார் 20 மில்லியன் பீப்பாய் எண்ணெய் போனது என்றால் அது 2 கோடி பீப்பாய். 20 கோடி அல்ல.

பணவீக்கம் குறைந்தால் விலை குறைந்தது என்று எழுதுவது மிகப் பழைய பிழை. 100 ரூபாய்ப் பொருள் 5% ஏறி 105 ஆகிறது. அடுத்த வருடம் பணவீக்கம் 3% என்றால் விலை 108 ரூபாய் 15 காசு. ஏறும் வேகம்தான் குறைந்திருக்கிறது. அதேபோல ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டி) 6.50லிருந்து 6.25 ஆக்கியபோது குறைந்தது 0.25 சதவீதப் புள்ளி. அதை ‘25 சதவீதம் குறைப்பு’ என்று போட்ட சுருக்கங்களும் உண்டு.

தங்கத்தில் குழப்பம் இன்னும் அதிகம். உலகச் சந்தை விலை ஒரு அவுன்ஸ் சுத்தத் தங்கத்துக்கு, அதாவது 31.1 கிராமுக்கு டாலரில். நம் கடையில் பலகையில் எழுதுவது 22 காரட் பவுன், 8 கிராமுக்கு ரூபாயில். கணக்குக்கு வசதியாக அவுன்ஸ் 3,110 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வையுங்கள். கிராம் 100 டாலர், அதாவது 8,500 ரூபாய். 22 காரட்டுக்கு 0.916ஆல் பெருக்கினால் 7,786. எட்டு கிராம் 62,288. இறக்குமதி வரி 6% என்று வைத்துச் சேர்த்தால் சுமார் 66,025. ஜிஎஸ்டி 3%, செய்கூலி, சேதாரம் தனி. இந்தச் சங்கிலியில் டாலர் மதிப்பு மாறினாலும் வரி மாறினாலும் பவுன் விலை மாறும். 2024 ஜூலை 23 மத்திய பட்ஜெட்டில் இறக்குமதி வரி 15லிருந்து 6 சதவீதமாகக் குறைந்ததும் இங்கே விலை சட்டென்று இறங்கியது. அதற்கு எந்த வெளிநாட்டுப் போரும் காரணமில்லை.

பெட்ரோலும் அப்படியே. 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் விலை சரிந்த நேரத்தில் மத்திய அரசு கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபாய் உயர்த்தியது. பெட்ரோல் பங்கில் விலை மாறவில்லை. ‘கச்சா எண்ணெய் சரிவு, பெட்ரோல் விலை குறையும்’ என்று அடித்துச் சொன்னவர்கள் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சின்னதாகத் தெரியும் பெயர்க் குழப்பங்கள்

ஹேக் நகரில் இரண்டு நீதிமன்றங்கள். சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கிடையேயான வழக்கை எடுக்கும், அது ஐ.நா.வின் அங்கம். சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தனிநபர்கள் மீது வழக்கு எடுக்கும், ஐ.நா. அமைப்பு அல்ல, இந்தியா அதில் உறுப்பினரும் அல்ல. இஸ்ரேல் மீது தென்னாப்பிரிக்கா போட்ட வழக்கு முன்னதில். 2024 நவம்பரில் நெதன்யாகுவுக்குப் பிடிவாரண்ட் பிறப்பித்தது பின்னது. ஐ.நா. பொதுச் சபைத் தீர்மானம் பரிந்துரைதான், பாதுகாப்பு கவுன்சில் முடிவுக்குத்தான் உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் பலம் உண்டு. ‘ஐ.நா. உத்தரவு’ என்று பொதுவாக எழுதினால் தேர்வுக்குப் படிப்பவர் தப்பாக மனப்பாடம் செய்வார்.

உள்ளூர் முடிச்சு

உலகச் செய்தியை ஊரோடு இணைத்து எழுதுவது நல்லதுதான். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதவரை. ராயக்கோட்டை தக்காளி விலையை நிர்ணயிப்பது மழையும் வரத்தும். உக்ரைன் போரோடு நேரடி முடிச்சு சூரியகாந்தி எண்ணெய்க்கு உண்டு, அதில் உக்ரைனும் ரஷ்யாவும் நமக்குப் பெரிய விற்பனையாளர்கள்.

செங்கடல் உதாரணம் தெளிவானது. 2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஹூதி கிளர்ச்சிப் படையினர் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் பல நிறுவனங்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பயணம் சுமார் 10 முதல் 14 நாள் நீண்டது, கட்டணம் ஏறியது. ஐரோப்பா போகும் கிருஷ்ணகிரி மாங்கூழுக்கு இது நேரடி அடி: 215 கிலோ டிரம் 80 ஏற்றிய இருபதடிக் கண்டெய்னர், 17 டன் சரக்குக்கான பணம் இரண்டு வாரம் தள்ளிப்போனது. ஆனால் துபாய்க்கும் குவைத்துக்கும் போகும் சரக்கு செங்கடலைத் தொடுவதே இல்லை, அதற்கு ஹார்முஸ்தான் வாசல். சவூதிக்குள்ளேயே ஜித்தா துறைமுகம் செங்கடலில், தம்மாம் வளைகுடாவில். ‘மாங்கூழ் ஏற்றுமதி பாதிப்பு’ என்று எழுதுவதற்குமுன் எந்தத் துறைமுகம் என்று வரைபடத்தில் பாருங்கள்.

ஓசூர் ரோஜா பெரும்பாலும் பெங்களூரிலிருந்து விமானத்தில் போகிறது. அதற்குக் கப்பல் செய்தி பொருந்தாது, வான்வெளி மூடல் பொருந்தும். அதிலும் 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் வான்வெளியை மூடியது இந்திய விமான நிறுவனங்களுக்கு மட்டும். வளைகுடா நிறுவனத்தின் விமானத்தில் பெட்டி ஏற்றுபவருக்கு அந்தத் தடை கிடையாது.

தப்பு நடந்த பிறகு

பழைய செய்தியைச் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். அது ஏற்கெனவே பத்துக் குழுக்களுக்குப் போயிருக்கும். மறுநாள் தொகுப்பின் முதல் வரியாக, ‘நேற்று 4வது செய்தியில் 26% அமல் என்று இருந்தது, அறிவிப்பு மட்டுமே’ என்று பழையதையும் சரியானதையும் சேர்த்து எழுதுங்கள். கடைசி வரியில் போட்டால் யாரும் படிப்பதில்லை.