முடியவே முடியாத வாட்ச் டாஸ்க்கை டெஸ்ட் செய்வது

ஃபைல் மாறும்போதெல்லாம் மறுபடி பில்ட் செய்யும் வாட்ச் டாஸ்க் தானாக முடியாது, முடியட்டும் என்று டெஸ்ட் காத்திருந்தால் விடிய விடிய தொங்கும். தனி ப்ராசஸாகக் கிளப்பி, அது கக்கும் வரிகளைப் படித்துக்கொண்டே இருங்கள். 'ரெடி' மாதிரி ஒரு வரி வந்ததும் ஏதாவது ஒரு ஃபைலில் ஒரு எழுத்தை மாற்றி, மறுபடி பில்ட் ஆன வரி வருகிறதா என்று பாருங்கள். நடுவில் 5 விநாடி ஸ்லீப் போடுவது வேண்டவே வேண்டாம்: முத்தியால்பேட்டையில் என் பழைய லேப்டாப்புக்கு அது போதாது, சர்வருக்கோ வீண். பதிலாக, எதிர்பார்க்கும் வரி வருவதற்கு 30 விநாடி கெடு வையுங்கள்.

அப்புறம் முக்கியமான வேலை, அதைக் கொல்வது. என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் மேனேஜர்) வழியாக ஓட்டினால், அந்தத் தாய் ப்ராசஸை மட்டும் கொன்றுவிட்டுப் போனால் அது கிளப்பிய பிள்ளை ப்ராசஸ் சில சமயம் போர்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அடுத்த டெஸ்ட் காலி. லினக்ஸில் தனி ப்ராசஸ் குரூப்பாகத் தொடங்கி, மொத்தக் குரூப்புக்கும் சிக்டெர்ம் (SIGTERM, 'முடித்துக்கொள்' என்ற சிக்னல்) அனுப்புங்கள், அடங்கவில்லையா, சிக்கில் (SIGKILL, கட்டாயமாகக் கொல்வது). இதை ஃபைனலி பிளாக்கில் எழுதுங்கள், டெஸ்ட் தோற்றாலும் ஓட வேண்டுமே.