அண்ணன் கதவருகே நின்ற இரவுகள்

என் அண்ணனுக்கு 43 வயது. டவுன் சிண்ட்ரோம், அதாவது பிறவியிலேயே வரும், அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் நிலை. நாலைந்து சொல்லுக்குள் பேச்சை முடித்துக்கொள்வார். வீட்டில் துவைத்த துண்டுகளை மடிப்பது அவர் வேலை. ஓரத்தோடு ஓரம் சேராவிட்டால் பிரித்து மறுபடி மடிப்பார். அம்மா இறந்து ஏழு மாதம் கழித்து மடிப்பதை நிறுத்திவிட்டார். இரவு மூன்று மணிக்கு எழுந்து வாசல் கதவருகே போய் நிற்பார். கூப்பிட்டால் கையைத் தட்டிவிடுவார். முதலில் பார்த்த மருத்துவர், "இவங்க இப்படித்தான் இருப்பாங்க" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வு என்று தெரிய இன்னும் ஐந்து மாதம் ஆனது. அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு பெரியவரை நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால், அந்த ஐந்து மாதம் உங்களுக்கும் வீணாகக் கூடாது.

முதலில், அவரை அவரோடு மட்டும் ஒப்பிடுங்கள். முன்பு செய்ததை இப்போது செய்யவில்லையா, பிடித்ததைத் தேடவில்லையா, தூக்கமும் பசியும் மாறிவிட்டதா? புதிதாக அடிக்கிறாரா, அழுகிறாரா? குறைபாட்டின் நிழலில் மனநோய் மருத்துவர் கண்ணுக்கே தெரியாமல் போவதை 1982லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் பெயர் வைத்துச் சுட்டிக்காட்டினார்கள். அது இன்றும் நடக்கிறது. அதனால் "எப்போதும் இப்படி இல்லை, இந்த மாதத்திலிருந்துதான்" என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது உடம்பு. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் தலையில் அடித்துக்கொள்வார், சாப்பாட்டைத் தள்ளுவார். பல், காது, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தைராய்டு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது அதிகம். அதுவே ஆளைச் சோர்வாக்கி முடக்கிவிடும். நாற்பதை ஒட்டிய வயதிலேயே அல்சைமர் என்ற மறதிநோய் தொடங்கவும் வாய்ப்புண்டு. வலிப்பு மாத்திரைகளில் சில, உதாரணமாக லெவெடிராசிட்டம், எரிச்சலைக் கூட்டும். அண்ணனுக்குத் தைராய்டு சரியாக இருந்தது. காதில் அழுக்கு அடைத்திருந்தது. எடுத்ததும் கூப்பிட்டால் திரும்பினார், ஆனால் துண்டைத் தொடவில்லை.

அப்புறம்தான் நோட்டு போட்டேன். எனக்கு உதவியதிலேயே பெரியது இதுதான். "கோபப்பட்டார்" என்று எழுதாதீர்கள். மணி என்ன, அதற்கு முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், எப்படி அடங்கியது என்று எழுதுங்கள். தூக்கம், சாப்பாடு, மலம் கழித்தது ஆகியவற்றுக்குத் தனி வரி. இரண்டு வாரம் போதும். பத்தாம் நாள் நோட்டைப் புரட்டியபோது ஒன்று பிடிபட்டது: கதவருகே நிற்கும் இரவுகளில் எல்லாம் அவர் கையில் அம்மாவின் கைப்பை இருந்தது. அம்மா இறந்தபோது, "வெளியூர் போயிருக்காங்க" என்று நாங்கள் சொல்லியிருந்தோம். கடைசிக் காரியத்துக்கும் அழைத்துப் போகவில்லை. அவர் அம்மாவுக்காகக் காத்திருந்தார்.

எனவே மரணத்தை மறைக்காதீர்கள். "தூங்குறாங்க", "போயிருக்காங்க" எல்லாம் வேண்டாம். "இறந்துட்டாங்க. உடம்பு நின்னு போச்சு. திரும்ப வர மாட்டாங்க" என்று சொல்லுங்கள். பத்துமுறை கேட்டால் பத்துமுறையும் அதையே சொல்லுங்கள். போட்டோவை வைத்துப் பேசுங்கள். துக்கம் பல மாதம் கழித்தும் வெளிப்படலாம்.

மனநல மருத்துவரிடம் போகும்போது நாளின் முதல் நேரத்தைக் கேளுங்கள், காத்திருப்பு குறையும். நோட்டையும் சின்ன வீடியோ ஒன்றையும் கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் அவரிடம் பேசட்டும். "சோகமா இருக்கா?" என்றால் பலர் எதிரில் இருப்பவருக்குப் பிடிக்குமே என்று "ஆமா" சொல்லிவிடுவார்கள். முகப் படங்களைக் காட்டிக் கேட்பது நல்லது. கேள்வியைத் திருப்பிப் போட்டு, "சந்தோஷமா இருக்கா?" என்றும் கேட்டுப் பாருங்கள். யாரையாவது, எந்த இடத்தையாவது கண்டு திடீரென்று பயந்தால், துன்புறுத்தல் நடந்திருக்குமா என்றும் கேட்டாக வேண்டும். சாப்பிடாமல் குடிக்காமல் கிடந்தாலோ, சாக வேண்டும் என்று சொன்னாலோ அன்றே போங்கள். இவர்களுக்கு அந்த எண்ணம் வராது என்பது தவறு.

மாத்திரை விஷயத்தில் பிடிவாதமாகக் கேளுங்கள்: எந்த நோய்க்கு இது, எப்போது மறுபடி பார்ப்போம், பலன் இல்லையென்றால் எப்போது நிறுத்துவோம்? 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், மனச்சிதைவு போன்ற நோய் இல்லாமல் அடிக்கும் பழக்கம் மட்டும் இருந்த, அறிவுசார் குறைபாடு உள்ள 86 பேரில் சிலருக்கு மனச்சிதைவுக்கான மருந்துகளில் ரிஸ்பெரிடோன், சிலருக்கு ஹாலோபெரிடால், சிலருக்கு வெறும் போலி மாத்திரை கொடுத்தார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களிடமும் அடிப்பது குறைந்தது, அதுவும் மற்ற இரண்டு குழுக்களுக்குக் குறையாமல். இங்கிலாந்தின் 2015 வழிகாட்டுதல், அடிப்பது போன்ற நடத்தைக்காகக் கொடுக்கும் மனச்சிதைவு மருந்தை மூன்று நான்கு வாரத்தில் மறுபரிசீலனை செய்யவும், ஆறு வாரத்தில் பலன் இல்லாவிட்டால் நிறுத்தவும் சொல்கிறது. ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. எடை கூடுவதையும் மலச்சிக்கலையும் அவரால் சொல்ல முடியாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அண்ணனுக்கு மனச்சோர்வுக்கான மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டினார்கள். வாரம் ஒருமுறை படம் வைத்துப் பேசும் ஆலோசனையும் நடந்தது.

நோட்டை நான் நிறுத்தவில்லை. நன்றாக இருக்கும் நாட்களையும் எழுதுகிறேன். நாளைக்கு மறதி ஏதும் தொடங்கினால் ஒப்பிட அதுதான் இருக்கும். பதினோராம் வாரப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "காலை 8.10. துண்டு ஆறு. நான் மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்."