சிறிய பல் மருத்துவமனையில் ஊழியர்களில் ஒருவர் வேலையை மற்றவருக்கும் பழக்குவது எப்படி?

ஒரு பல் மருத்துவர், ஒன்றிரண்டு உதவியாளர்கள், வரவேற்பில் ஒருவர், துப்புரவுக்கு ஒருவர் என்று நடக்கும் சிறிய மருத்துவமனைகளில், ஒருவர் திடீரென்று விடுப்பு எடுத்தால் அன்றைய வேலையில் பாதி நின்றுவிடுகிறது. என்னிடம் வேலை செய்த வரவேற்பாளர் உறவினர் திருமணத்துக்கு ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில், பல்லுக்கு மேல் கேப் என்ற உறை பொருத்திக்கொள்ள வந்த நோயாளியைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. கேப் செய்து தரும் லேபுக்கு அளவு போய்விட்டது. ஆனால் பல்லின் நிறக் குறிப்பைக் கேட்டு லேபிலிருந்து வந்த அழைப்பு அவருடைய சொந்தக் கைப்பேசிக்குப் போயிருந்தது. யாரும் தவறு செய்யவில்லை, ஒரு வேலை ஒரே ஒருவரின் தலைக்குள் இருந்தது, அவ்வளவுதான். எல்லோரையும் எல்லா வேலைக்கும் தயார் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வேலை என்று எதுவும் இருக்கக் கூடாது என்பதே இங்கே நோக்கம்.

முதலில் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் கவனியுங்கள். காலையில் கதவைத் திறப்பதிலிருந்து இரவு கம்ப்ரசரில் தேங்கிய நீரை வடித்துவிட்டுப் பூட்டுவது வரை, யார் எதைச் செய்கிறார் என்பதை அவரவரையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதும் பட்டியலில் பாதி வேலைகள் விடுபட்டுப்போகும். அவை நடப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. பிறகு ஒரு பெரிய தாளில் இடப்பக்கம் வேலைகளையும் மேலே பெயர்களையும் எழுதி, தனியாகச் செய்யத் தெரிந்தவருக்கு 2, உடன் ஆள் இருந்தால் செய்யக்கூடியவருக்கு 1, தெரியாதவருக்கு 0 என்று குறியுங்கள். எந்த வரிசையில் ஒரே ஒரு 2 மட்டும் இருக்கிறதோ, பயிற்சி அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

தொடங்குவதற்கு முன் எல்லைக் கோட்டைப் போட்டுவிட வேண்டும். பல்லில் காறை அகற்றுவதும் மெருகூட்டுவதும் பதிவு பெற்ற பல் சுகாதார நிபுணரின் வேலை என்று 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டமே வரையறுத்தது. பல ஆண்டுகள் அருகில் நின்று பார்த்த உதவியாளருக்குக் கை பழகியிருக்கலாம், அதற்காக அவரிடம் காறை அகற்றும் ஸ்கேலிங் கருவியைக் கொடுத்துவிட முடியாது. மரத்துப்போகும் ஊசி போடுவது, மருந்து எழுதுவது, இன்ன சிகிச்சை வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்வது ஆகியவையும் இந்தத் தாளில் இடம்பெறவே கூடாது. எக்ஸ்ரே கருவியைப் பொறுத்தவரை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் உண்டு. பயிற்சி பெறாதவரை, ஆள் இல்லை என்ற காரணத்துக்காகப் பொத்தானை அழுத்தச் சொல்லாதீர்கள்.

முதலில் பழக்க வேண்டியது கருவிகளைக் கிருமி நீக்கம் செய்வது என்பது என் அனுபவம். இதை ஒருவர் தவறாகச் செய்தால் யார் கண்ணுக்கும் தெரியாது, நோயாளிதான் பின்னால் அனுபவிப்பார். பயன்படுத்திய கருவியைத் தடித்த கையுறை அணிந்து கழுவித் தேய்ப்பது, உலர்த்துவது, பையிலிடுவது, ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் அடுக்குவது, எடுத்துத் தேதி எழுதி வைப்பது என்ற வரிசையை வரவேற்பாளர் உட்பட அனைவரும் கற்க வேண்டும். எப்படிச் செய்வது என்பதோடு ஏன் செய்கிறோம் என்பதையும் சொல்லுங்கள். இரத்தம் காய்ந்து ஒட்டிய கருவியில் நீராவி முழுமையாகப் படாது. 121 டிகிரி செல்சியஸில் பையிலிட்ட கருவிகளுக்குப் பொதுவாக 30 நிமிடம் தேவை, அந்த நேரம் வெப்பம் முழு அளவை எட்டிய பிறகே தொடங்குகிறது. இடையில் மின்சாரம் போனால் விட்ட இடத்திலிருந்து தொடராமல் சுழற்சியை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். பையில் ஒட்டும் நிறம் மாறும் நாடா, அந்தப் பொதி வெப்பத்தைக் கண்டது என்பதை மட்டுமே காட்டும், கிருமி முழுவதும் அழிந்ததற்கு அது சான்றாகாது. அதற்கு, எளிதில் சாகாத நுண்ணுயிர் வித்துகளை உள்ளே வைத்து அவை அழிந்தனவா என்று பார்க்கும் வித்துச் சோதனை தனியாக உண்டு. இந்தக் காரணங்கள் தெரிந்தவர் அவசர நாளிலும் குறுக்கு வழியில் போகமாட்டார்.

இதோடு சேர்த்தே கழிவுப் பிரிப்பையும் பழக்கலாம். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி இரத்தம் தோய்ந்த பஞ்சும் பிடுங்கிய பல்லும் மஞ்சள் பைக்கும், கையுறையும் பிளாஸ்டிக் உறிஞ்சு குழாயும் சிவப்புப் பைக்கும், ஊசியும் பிளேடும் துளைபடாத வெள்ளைக் கலனுக்கும், கண்ணாடிக் குப்பிகள் நீலப் பெட்டிக்கும் போக வேண்டும். வேலையில் சேரும்போதும் அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் பயிற்சி தர வேண்டும் என்றும், ஊழியர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. வரவேற்பு மேசையில் இருப்பவரைக் கருவி கழுவும் தொட்டிக்கு அனுப்புவதற்கு முன் அவர் தடுப்பூசியின் தவணைகளை முடித்துவிட்டாரா என்று பாருங்கள். 0, 1, 6 மாதம் என்ற மூன்று தவணைகளுக்கு அரை ஆண்டு ஆகிறது என்பதால், இந்த ஏற்பாட்டைத் திட்டமிடும் முதல் நாளே அதைத் தொடங்கிவிடுவது நல்லது.

எதிர்த்திசையில், உதவியாளருக்கு வரவேற்பு வேலையைப் பழக்கும்போது பில் போடுவதையும் நேரம் குறிப்பதையும் இரண்டு நாளில் கற்றுக்கொள்வார். கடினமானது தொலைபேசி. பள்ளியில் விழுந்து குழந்தையின் நிரந்தரப் பல் முழுதாக வெளியே வந்துவிட்டது என்று ஒரு தாய் பதறி அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல்லை வேர்ப்பகுதியில் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது, பாலில் போட்டு உடனே கொண்டுவர வேண்டும் என்று தொலைபேசியை எடுத்தவர் அந்தக் கணமே சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் கடந்தால் அந்தப் பல் பிழைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. ‘டாக்டர் ஆறு மணிக்கு வருவார்’ என்ற பதில் அங்கே பல்லையே இழக்கச் செய்துவிடும். பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் கசிந்தால் பஞ்சை அழுத்திக் கடித்திருக்கச் சொல்வது, முகம் வீங்கி விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால் நேரே பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்வது, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவரிடம் அதை நிறுத்தச் சொல்லாமல் மருத்துவரிடம் பேச வைப்பது ஆகியவற்றையும் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதித் தொலைபேசி அருகே ஒட்டி வையுங்கள். லேபின் அழைப்புகள் மருத்துவமனை எண்ணுக்கே வரட்டும்.

நாற்காலி அருகே நின்று உதவுவதை வரவேற்பாளருக்குப் பழக்குவதுதான் மெதுவாக நடக்கும். ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய ட்ரேயைப் படம் எடுத்து அலமாரியின் உள்கதவில் ஒட்டினால் பாதி வேலை எளிதாகும். பல்லின் அச்சு எடுக்கும் ஆல்ஜினேட் மாவைக் கலக்குவதை எங்கள் ஊர் வெயிலில் குளிர்ந்த நீரில்தான் பழக்க வேண்டும், இல்லையென்றால் வாய்க்குப் போவதற்குள் இறுகிவிடும். பல் குழியை அடைக்கும் கிளாஸ் அயனோமர் சிமெண்டைப் பளபளப்பு மங்குவதற்குள் கையில் தர வேண்டும் என்பதையெல்லாம் நோயாளி இல்லாத மதிய நேரத்தில் வீணாக்கிக் கற்கட்டும். அந்தச் செலவு பெரிதல்ல. வேர் சிகிச்சையில் கழுவப் பயன்படும் ஹைப்போகுளோரைட்டும் மரத்துப்போகும் மருந்தும் ஒரே மாதிரிச் சிரிஞ்சில் பெயரில்லாமல் ட்ரேயில் இருக்கக் கூடாது என்பதை மட்டும் முதல் நாளே கண்டிப்புடன் சொல்லுங்கள். ஹைப்போகுளோரைட் தசைக்குள் போனால் கடும் வலியும் வீக்கமும் திசு அழிவும் ஏற்படும்.

கற்பிக்கும் முறையில் நான் கண்ட ஒன்று, மருத்துவரைவிட அந்த வேலையைத் தினமும் செய்கிறவரே நல்ல ஆசிரியர் என்பது. கற்பவர் முதலில் பார்க்கட்டும், பிறகு உடன் நின்று செய்யட்டும், அதன் பிறகு தனியாகச் செய்து காட்டட்டும். கற்றுக்கொடுத்தவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் தாளில் 1 என்பதை 2 ஆக மாற்ற வேண்டும். ஆனால் தன் வேலையைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தால் தன்னை நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சம் மூத்த ஊழியருக்கு வருவது இயல்பு. அதை வாய்ச் சொல்லால் போக்க முடியாது. கற்பிப்பவருக்கும் புதிய வேலையைக் கற்று முடித்தவருக்கும் சம்பளத்தில் ஒரு தொகையைக் கூட்டித் தாருங்கள். துப்புரவு செய்யும் அம்மாவையும் இந்தக் கணக்கிலிருந்து விட்டுவிடாதீர்கள்.

இரண்டு மூன்று மாதம் ஆனதும் கூட்டம் குறைந்த ஒரு பிற்பகலில் இருவரை இடம் மாற்றி வேலை செய்யச் சொல்லுங்கள். அவசரமும் ஆபத்தும் இல்லாதவரை மருத்துவர் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும், இதுதான் முழுப் பயிற்சியிலும் எனக்கு மிகவும் கடினமாக இருந்த பகுதி. தடுமாறிய இடங்களை மாலையில் உட்கார்ந்து நோட்டில் எழுதுங்கள். தவறு பெரும்பாலும் ஆளிடம் இருக்காது, எழுதி வைத்த குறிப்பில் ஒரு படி விடுபட்டிருக்கும். மாதம் ஒரு முறை இப்படி மாற்றவில்லையென்றால் கற்றது மறந்துபோகும். புதிதாக ஒருவர் சேரும்போது, முதல் வாரத்தை அவர் எந்தப் பதவிக்கு வந்திருந்தாலும் ஆட்டோகிளேவ் அருகிலேயே கழிக்கட்டும்.