ஸ்லாஷ் டிரக்கைப் பந்தயத்துக்குத் தயார்செய்தல்: மோட்டாருக்கு இப்போது அவசரமில்லை

புதிதாக ஆர்சி வண்டி (ரேடியோவில் இயக்கும் பொம்மை வண்டி) வாங்கியவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மோட்டார் போடலாம்?" என்பதுதான். எதுவும் வேண்டாம் என்பதே என் பதில். டிராக்ஸஸ் நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த ஸ்லாஷ், பின்சக்கரங்கள் மட்டும் தள்ளும் 1/10 அளவு டிரக். அதன் டைட்டன் 12டி பிரஷ் மோட்டார் தரும் வேகத்தையே மண் தடத்தில் முழுதாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் குறைவு. வளைவுக்கு வளைவு புரண்டு விழும் வண்டிக்குக் கூடுதல் வேகம் எதற்கு?

படி 1: விதிகளைப் படியுங்கள். அமெரிக்கக் கிளப்புகள் பலவற்றில் 'ஸ்பெக் ஸ்லாஷ்' என்றொரு பிரிவு உண்டு. மோட்டார் பெட்டியில் வந்தபடியே இருக்க வேண்டும். சில இடங்களில் டயரும் அப்படியே. ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தும் சட்டகத்துக்குக் காசு கொடுக்கும் முன் உங்கள் கிளப் அதை அனுமதிக்கிறதா என்று கேளுங்கள்.

படி 2: சோதனை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, முன்சக்கரத்தைப் பிடித்து இடவலமாக ஆட்டுங்கள். சர்வோ (முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்) அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் ஸ்டியரிங் இணைப்புகளில் தேய்மானம். ஒவ்வொரு சக்கரத்தையும் சுழற்றிக் காதைக் கொடுங்கள். கரகரவென்றால் பேரிங்கை மாற்றுங்கள். கியர் இடைவெளிக்குப் பினியனுக்கும் (மோட்டார் தண்டிலுள்ள சிறு கியர்) ஸ்பர் கியருக்கும் (அது சுழற்றும் பெரிய கியர்) இடையே ஒரு காகிதத் துண்டைக் கொடுத்து இறுக்கி, பிறகு உருவிவிட்டால் போதும். ஸ்லிப்பர் கிளட்சைப் (திடீர் உந்துதல் கியரைத் தாக்காமல் சற்று வழுக்கிக்கொடுக்கும் பாகம்) பொறுத்தவரை, புறப்படும்போது முதல் அரை மீட்டருக்கு மட்டும் அது வழுக்கும் ஓசை கேட்க வேண்டும்.

பெட்டியோடு வரும் எல் வடிவச் சாவிகளை நான் தொடுவதே இல்லை. முனை கடினமாக்கப்பட்ட 1.5, 2, 2.5 மி.மீ. ஹெக்ஸ் டிரைவர்கள் வாங்குங்கள். முனை மழுங்கினால் திருகின் தலை போய்விடும். திருகுப் பசை, உலோகத்தில் உலோகம் இறங்கும் இடத்துக்கு மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் அதில் விரிசல் விழும்.

படி 3: ஷாக் (அதிர்வுதாங்கி). எனக்கு நெடுநாள் தண்ணீர் காட்டிய இடம் இது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். ஸ்பிரிங்கைக் கழற்றி, பழைய எண்ணெயைக் கொட்டித் துடையுங்கள். தண்டு முழுவதும் வெளியே நீண்டிருக்க, விளிம்பு வரை சிலிகான் எண்ணெய் ஊற்றுங்கள். பிஸ்டன் எண்ணெய்க்கு மேலே வந்துவிடாமல் தண்டை மெல்ல ஏற்றி இறக்கினால் குமிழிகள் கிளம்பும். உடனே மூட வேண்டாம்; பத்து நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். மூடியைப் பாதி திருகி, தண்டைப் பையப் பைய உள்ளே தள்ளுங்கள். மிகுதி எண்ணெய் வழிந்ததும் இறுக்குங்கள்.

இப்போது இடது, வலது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அழுத்தி விடுங்கள். இரண்டும் ஒரே அளவு திரும்பி வர வேண்டும். சளக்கென்று ஓசை வந்தால் உள்ளே காற்று. தண்டு முழுதும் உள்ளே போக மறுத்தால் எண்ணெய் அதிகம். இந்த இணை பொருந்தாவிட்டால், மேட்டிலிருந்து இறங்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். நீங்கள் ஸ்டியரிங்கைச் சந்தேகிப்பீர்கள்.

30 எடை எண்ணெயில் தொடங்குங்கள் ('எடை' இங்கே எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்). வெயிலில் எண்ணெய் இளகும் என்பதால் கோடைப் பிற்பகலில் 35 அல்லது 40. ஒரு நிறுவனத்தின் 30-உம் இன்னொன்றின் 30-உம் ஒன்றல்ல. சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) அளவு அச்சிட்ட புட்டிகளை, ஒரே நிறுவனத்திடம் வாங்குவதே நல்லது.

படி 4: டயர். விதி அனுமதித்தால் முதல் செலவு இதற்குத்தான். எந்த டயர் என்பதைத் தடத்தின் மண் தீர்மானிக்கும். அங்கே வழக்கமாக வெல்பவரின் வண்டியைக் குனிந்து பாருங்கள். எந்த விளம்பரத்தையும் விட அது நம்பகமானது.

படி 5: சர்வோ. உலோகப் பல் கொண்டது வாங்கலாம். ஆனால் வலுவான சர்வோ மின்சாரத்தை அதிகம் இழுக்கும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் சிறிய மின்வழங்கி திணறினால் வண்டி நடுத்தடத்தில் ஒரு கணம் செத்து உயிர்க்கும்.

லெக்சான் (பாலிகார்பனேட் பிளாஸ்டிக்) பாடி, தாவும்போது அடியில் காற்றைப் பிடித்து மூக்கைத் தூக்கும். பின்பகுதியில் துளைகள் வெட்டினால் குறையும். இதற்கும் கிளப்பைக் கேட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை: நான்கு சக்கரமும் ஒரே மாதிரி வாங்கிவிட்டு முன்பக்கம் சரியாக உட்காரவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். இந்த மாடலில் முன், பின் சக்கரங்களின் ஆஃப்செட் (சக்கரத்தின் நடுவிலிருந்து அச்சில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் அளவு) வேறு வேறு. பெட்டியில் 'முன்' என்று குறிப்பிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொருவரின் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உப்பிவிட்டதாம். எக்ஸ்எல்-5 வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் விளக்கு சிவப்பாக எரிந்தால், பேட்டரி அளவுக்கு மீறி வடியாமல் தடுக்கும் குறைமின்னழுத்தப் பாதுகாப்பு அணைந்திருக்கிறது என்று பொருள். லைப்போ போடும் முன் அது பச்சையாக இருக்க வேண்டும். பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து மாற்றலாம்.