ரூட்டர் மாறினாலும் வைஃபை பெயரை மாற்றாதீர்கள்

புது ரூட்டர் வாங்கினால் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே அதில் போட்டுவிடுங்கள். ஸ்மார்ட் பல்பு, பிளக், கேமரா எல்லாம் பெரும்பாலும் தானாகவே இணைந்துவிடும்; ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றாக ரீசெட் செய்ய வேண்டியதில்லை. செங்கோட்டை, புளியரைப் பக்கம் ஐப்பசி இடிமழையில் ரூட்டர் போய்விட்டால் இது பெரிய உதவி. இந்தச் சாதனங்கள் தேடுவது ரூட்டரை அல்ல, தங்களிடம் பதிந்திருக்கும் பெயரையும் பாஸ்வேர்டையும்தான். அதனால் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் விட்ட இடைவெளி வரை அச்சு அசலாக இருக்கணும். பாஸ்வேர்டு மறந்துபோச்சா? ஆண்ட்ராய்டு போனில் வைஃபை ‘ஷேர்’ அழுத்தினால், பல போன்களில் கியூஆர் கோடுக்குக் கீழேயே தெரியும்.

புது ரூட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் (இந்தச் சாதனங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் வைஃபை அலைவரிசை) அணைந்திருந்தாலோ, பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 (புதிய வைஃபை பாதுகாப்பு முறை) மட்டும் என்று வைத்திருந்தாலோ பழைய சாதனங்கள் சேராது. முதலில் அந்த இரண்டையும் பாருங்கள். வைஃபைக்குப் பதில் ஜிக்பீ என்ற வேறு வயர்லெஸ் முறையில், ஹப் என்ற தனிப் பெட்டி மூலம் ஓடும் பல்புகளுக்கு இந்த வேலையே தேவையில்லை.