பிரேக் சிலநேரம் மட்டும் உதறுதா? ஹேண்ட்பிரேக்கை வைத்துக் கண்டுபிடிக்கலாம்

ஆளில்லாத நேரான ரோட்டில், தரை காய்ந்திருக்கும்போது, 40 கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்ட்பிரேக் பட்டனை அமுக்கிப் பிடித்தபடியே லிவரை மெதுவாக இழுங்கள். உதறல் வந்தால் கோளாறு பின்சக்கர டிரம்மில். வராமல், கால் பிரேக்கில் மட்டும் ஸ்டீயரிங் ஆடினால் முன் டிஸ்க்கைப் பாருங்கள். பட்டனை விடவே கூடாது, வெடுக்கென்று இழுக்கவும் கூடாது; பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் கேபிள் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும், அதனால்தான் இது பிடிபடுகிறது. டிஸ்க்கின் தடிமனில் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வித்தியாசம் இருந்தாலே காலில் தெரியும். சூடேறினால் அது இன்னும் கூடும். பேச்சிப்பாறை மேட்டிலிருந்து பிரேக்கை மிதித்தே இறங்கியபின் உதறி, மறுநாள் காலை ஒன்றுமே இல்லாததுபோல் ஓடுவது இப்படித்தான். ஒர்க்ஷாப்பில் விட்டால் 'சரியாத்தானே இருக்கு' என்பார்கள். ஆகவே சூடாக இருக்கும்போதே சோதியுங்கள்.

இரண்டு நாள் மழையில் நின்ற வண்டி, குளச்சல், முட்டம் மாதிரி கடற்கரையில் நிற்கும் வண்டி என்றால் முதலில் நாலைந்து தடவை பிரேக் போட்டுப் பாருங்கள். மேல்துருவாக இருந்தால் அதிலேயே போய்விடும், செலவில்லை. ஈர ரோட்டில் அழுத்தி மிதிக்கும்போது பெடல் துடிப்பது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்வது, கோளாறல்ல.

பட்டன் வகை எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள கார்களில் இதைச் செய்யாதீர்கள். பிரேக் போடாமலே ஸ்டீயரிங் ஆடினால் அது பெரும்பாலும் வீல் பேலன்சிங் சமாச்சாரம்.